குற்றிழை செய்ய வரும் பிள்ளைகளுக்கு

செயற்கைக் குற்றிழை (சிலியா) செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் சில பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். எந்திரவியல், இயற்பியல், உயிரியல் என்று படிப்பு பல வகை. கீழே காந்தம் சுற்ற, மைக்ராஸ்கோப்பில் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் ஒன்றுபோல வளைந்து நிமிர்வதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கண் விரிகிறது. எனக்கும் இன்றுவரை அப்படித்தான். ஆனால் இழை ஆடிவிட்டால் நீரும் நகர்ந்துவிடும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நகராது. அதை நகரவைப்பதற்குத்தான் இத்தனை ஆண்டுப் படிப்பும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எண் போட்டு எழுதுகிறேன். வரிசை முக்கியமில்லை, முதல் நான்கை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள்.

1. கருவியைத் தொடுவதற்கு முன்பு உடம்பைப் பாருங்கள். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒவ்வொரு குற்றிழைச் செல்லின் தலையிலும் ஏறத்தாழ 200 இழைகள் நிற்கின்றன. நீளம் 6, 7 மைக்ரான். தடிமன் கால் மைக்ரான்கூட இல்லை. வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடிக்கின்றன. நாம் மூச்சோடு உள்ளே இழுக்கும் தூசி, புகை, கிருமி எல்லாம் ஒட்டிக்கொண்ட சளிப் படலத்தைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அதை அறியாமல் விழுங்கிவிடுகிறோம். இந்த இழைகள் பிறவியிலேயே சரியாக இயங்காத குழந்தைகள் இருக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்தே சளி, இருமல், காதில் நீர், அடிக்கடி நெஞ்சில் தொற்று. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும், கல்லீரல் இடப்பக்கம் இருக்கும். காரணத்தை நான்காவது எண்ணில் சொல்கிறேன். சிலிக்கோனில் நீங்கள் வார்க்கப்போகும் இழைக்குப் பின்னால் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

2. ரெனால்ட்ஸ் எண்ணை, அதாவது நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதத்தை, மனப்பாடம் செய்ய வேண்டாம், கையால் போட்டுப் பாருங்கள். பத்து மைக்ரான் நீளமுள்ள இழை வினாடிக்குப் பத்து முறை சுற்றுகிறது என்று வையுங்கள். நுனியின் வேகம் வினாடிக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம். நீரில் இதற்கான ரெனால்ட்ஸ் எண் 0.006 வரும். அதாவது நிலைமத்துக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் பாகுநிலையின் ஆட்சி. தள்ளுவதை நிறுத்திய கணமே நீர் நின்றுவிடும். 'கொஞ்சம் ஓடி நிற்கும்' என்ற நம் அன்றாட அனுபவம் முழுக்க அங்கே பொய்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1960களில் ஒரு படத்தில் செய்து காட்டியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், இடையில் கிளிசரின். அதில் ஒரு சொட்டு சாயத்தை வைத்து உள் உருளையை மெதுவாகச் சில சுற்று சுற்றினால் சாயம் இழுபட்டு, மெலிந்து, கலந்துபோனதுபோல் தெரியும். பிறகு அதே அளவு சுற்றைத் திருப்பிச் சுற்றினால் சாயம் மறுபடி கூடிக் கூடிப் பழைய இடத்தில் சொட்டாக நிற்கும். விளிம்பு மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும். ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடிக் குடுவையும் கிளிசரினும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். செய்யாமல் இந்தத் துறைக்குள் வராதீர்கள். அந்தச் சொட்டு திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த எண் தானாகப் புரியும்.

3. போன வழியே திரும்பினால் பலன் பூஜ்யம். இயற்பியலுக்கு நோபல் பெற்ற பர்செல் 1976இல் ஓர் உரையில் இதை அழகாகச் சொன்னார், அடுத்த ஆண்டு அது கட்டுரையாக அச்சானது. சிப்பி போல ஒரே ஒரு கீல் உள்ள உயிர் திறந்து மூடி நீந்தப் பார்த்தால், நுண்ணுலகில் அது நின்ற இடத்திலேயே நிற்கும். காரணம், திறக்கும் வழியும் மூடும் வழியும் ஒன்றுதான்.

இங்கேதான் புதியவர்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். காந்தம் இழையை மெல்ல இழுத்து வளைக்கும். காந்தம் விலகியதும் இழை சட்டென்று சாட்டை போல நிமிரும். வீடியோவில் பார்க்க அபாரமாக இருக்கும். 'வேகமாக நிமிரும் பக்கம் நீர் போகும்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பத்து மைக்ரான் உலகில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஒரே பாதையில் ஒரு மணி நேரம் போய் ஒரு நொடியில் திரும்பினாலும் மொத்த நகர்வு பூஜ்யம்தான். பாதை மாற வேண்டும். போகும்போது இழையின் வடிவம் ஒன்றாகவும் திரும்பும்போது வேறாகவும் இருக்க வேண்டும்.

துடுப்புப் போடுகிறவர் நீரைத் தள்ளிய பிறகு துடுப்பை மேலே தூக்கிக் காற்றில் கொண்டுவருகிறார். குற்றிழைக்கு வெளியே போக இடமில்லை, முழுக்க நீருக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் அது தள்ளும்போது நெட்டுக்குத்தாக நிமிர்ந்து தள்ளுகிறது, திரும்பும்போது வளைந்து, சுவரை ஒட்டித் தவழ்ந்து வருகிறது. சுவரை ஒட்டிய நீர் சுவரோடு பிடித்துக்கொண்டு நிற்பதால் அங்கே எவ்வளவு அசைந்தாலும் தூரத்து நீருக்கு அது எட்டாது.

4. அதே தந்திரத்தின் எளிய வடிவம் சாய்ந்த கூம்பு. இழை நேராகவே இருக்கட்டும், வளைய வேண்டாம். கூம்பு வரைவதுபோல அதைச் சுற்றுங்கள். கூம்பின் அச்சு, இழை நிற்கும் சுவருக்குச் செங்குத்தாக இருந்தால் ஒரு சுழல்தான் கிடைக்கும். அச்சைச் சாய்த்துவிட்டால் சுற்றின் ஒரு பாதி சுவருக்கு அருகில், மறு பாதி சுவரை விட்டு விலகி. விலகிய பாதிதான் நீரைத் தள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். சுழலும் நிரந்தரக் காந்தம் ஒன்றைச் சற்றே தள்ளி, சாய்த்து வைத்தால் போதும்.

இயற்கையும் இதையே ஓர் அதிமுக்கியமான இடத்தில் பயன்படுத்துகிறது. எலிக் கருவில் ஒரு சிறு குழி உண்டு. அதில் உள்ள குற்றிழைகள் பின்பக்கமாகச் சாய்ந்து சுழல்கின்றன, குழியில் உள்ள நீர் இடப்பக்கம் ஓடுகிறது. 1998இல் ஜப்பானில் ஹிரோகாவா குழுவினர் இந்த ஓட்டத்தைக் கண்டு சொன்னார்கள். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கருவின்மேல் எதிர்த்திசையில் செயற்கையாக நீரை ஓட்டிப் பார்த்தார்கள். உறுப்புகளின் இடவலம் மாறிப்போனது. இதயம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்வதில் மெல்லிய ஒரு நீரோட்டத்துக்குப் பங்கிருக்கிறது. அந்த இழைகள் சுற்றாவிட்டால் பக்கம் தற்செயலுக்கு விடப்படுகிறது. முதல் எண்ணில் சொன்ன குழந்தைகளில் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருப்பது அதனால்தான்.

5. நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம்தான் உங்கள் கடிவாளம். இழை வளைந்து தானே நிமிர எடுக்கும் நேரம் அந்த விகிதத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. தடிமனைப் பாதியாக்கினால் நேரம் பதினாறு மடங்கு. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோனில் வார்த்த இழை, விகிதம் பத்து, நீரில். நிமிரும் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடியைவிட மிகக் குறைவாக வரும். நீங்களோ வினாடிக்குப் பத்து முறை ஆட்டுகிறீர்கள். ஆக, நீரின் எதிர்ப்பால் இழை தானே வளைந்து பாதையை மாற்றிக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. நீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. காந்தப் புலத்தாலோ சாய்வாலோதான் பாதையை மாற்ற வேண்டும். அதே இழையைக் கிளிசரினில் போட்டால் கதை வேறு, பாகுநிலை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. கிளிசரினில் எடுத்த அழகான வீடியோவைக் காட்டி நீரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

6. பெரிய இழை ஏமாற்றும். அரை மில்லிமீட்டர் உயர இழையை வார்ப்பது சுலபம். வினாடிக்கு இருபது சுற்றில் ஓட்டினால் நீர் ஓடும், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ரெனால்ட்ஸ் எண் முப்பதை நெருங்கும். நிலைமம் உள்ளே வந்துவிட்டது, சாட்டையடிக்கும் அங்கே பலன் உண்டு. அது வேறு உலகம். அதில் வேலை செய்வதில் தவறில்லை, நீரை ஓட்டும் சில நுண்சிப்புகளுக்கு அந்த அளவே போதும். 'குற்றிழையைப் போலவே' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

7. வார்ப்பு. இதில்தான் உங்கள் முதல் ஆண்டு கரையும், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

பிடிஎம்எஸ் இரண்டு பாகமாக வரும், வழக்கமான கலவை பத்துக்கு ஒன்று. கெட்டிப்படுத்தும் பாகத்தைக் குறைத்தால் இழை மென்மையாகும், கூடவே ஒட்டும் தன்மையும் ஏறும். காந்தத்துக்குப் பதில் சொல்ல இரும்புத் துகள் கலக்க வேண்டும். கார்பனைல் இரும்புத் தூளின் துகளே சில மைக்ரான் இருக்கும். பத்து மைக்ரான் தடிமனுள்ள இழைக்கு அது சரிப்படாது, அச்சின் துளையிலேயே அடைத்துக்கொள்ளும். சிறிய இழைக்கு நானோத் துகள்தான் வழி. இரும்பு பிடிஎம்எஸைவிட ஏழெட்டு மடங்கு கனம். கலந்துவிட்டு நெடுநேரம் அப்படியே விட்டால் துகள் அடியில் தங்கத் தொடங்கும். கலந்ததும் காற்றுக் குமிழியை வெற்றிடத்தில் இழுத்து, உடனே ஊற்றுங்கள். அச்சில் ஊற்றிய பின் மறுபடி ஒருமுறை வெற்றிடத்தில் வைக்க வேண்டும். துளைக்குள் மாட்டிய காற்று அப்போதுதான் மேலே வரும். சிலிக்கன் அச்சாக இருந்தால் ஒட்டாமல் இருக்க முன்கூட்டியே மேல்பூச்சு கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இழைகள் அச்சிலும் தளம் உங்கள் கையிலுமாகப் பிரிந்து வரும்.

ரப்பர் கையுறை போடாதீர்கள். லேடெக்ஸில் உள்ள கந்தகம் பிடிஎம்எஸ் கெட்டிப்படுவதைத் தடுக்கும். நைட்ரைல் கையுறை வாங்கி வையுங்கள். அடுப்பில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் பிசுபிசுவென்று இருக்கும் தளத்தைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது கையுறையைப் பற்றித்தான்.

அச்சிலிருந்து உரித்த இழைகளை ஈரத்தோடு வெளியே காயவிடாதீர்கள். மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒருமுறை மட்டும் வேண்டுமென்றே காயவிட்டுப் பாருங்கள். நீரின் விளிம்பு வரிசை வரிசையாகப் பின்வாங்கும். அது கடக்கும்போது ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையின்மேல் சாயும், நான்கைந்தாகக் கூடி நுனியோடு நுனி ஒட்டிக் குடுமி போட்டுக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் பல குடுமிகள் பிரியாது. மெல்லிய இழைகளை உரித்த பிறகு திரவத்துக்குள்ளேயே வைத்துப் பழகுங்கள்.

வட கரோலினா ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஒரு வழி இன்றும் எனக்குப் பிடித்தமானது. நுண்துளைகள் போட்ட பாலிகார்பனேட் சவ்வு கடையிலேயே கிடைக்கும். அதையே அச்சாக வைத்துத் துளைகளில் காந்தக் கலவையை நிரப்பி, கெட்டியானதும் சவ்வைக் கரைத்துவிட்டார்கள். உரிக்கும் வேலையே இல்லை. உடம்பில் உள்ள இழையை ஒத்த அளவுக்குக் காந்த இழைகள் இறங்கி வந்தது அப்படித்தான்.

8. நீரை நிரப்பும்போது அவசரப்பட வேண்டாம். பிடிஎம்எஸ் நீரை ஒட்டாது, இழைகளுக்கு நடுவே காற்று தங்கிவிடும். முதலில் எத்தனால், பிறகு மெல்ல நீர். பிளாஸ்மா கொடுத்தால் நீர் பரவும், ஆனால் அந்தக் குணம் நாள்பட மங்கிவிடும் என்பதால் கொடுத்த அன்றே சோதியுங்கள்.

9. எதனால் ஆட்டுவது என்பது சொந்த விருப்பத்தைப் பொறுத்ததல்ல, எதற்குள் ஆட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காந்தப் புலம் உயிர்த்திரவத்தைத் துன்புறுத்தாமல் ஊடுருவும், கம்பி இணைப்பு வேண்டாம். குறை என்னவென்றால் எல்லா இழையும் ஒரே கட்டளையைத்தான் கேட்கும். மின்சாரம் ஒவ்வொரு இழையையும் தனித்தனியே ஆட்டும். நெதர்லாந்தில் 2008இல் டென் டூண்டர் குழுவினர் நூறு மைக்ரான் நீளப் பாலிமர், குரோமியப் படலங்களைச் சுருட்டி நிமிர்த்தி நுண்கலப்பு செய்து காட்டினார்கள். ஆனால் மின்னிலை விசையில் இயங்கும் இழைக்கு உப்பு கரைந்த நீர் பகை. 2022இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்தப் பகையையே துணையாக்கிக்கொண்டார்கள். மிக மெல்லிய பிளாட்டினப் படலத்தின் பரப்பில் கரைசலோடு நடக்கும் மின்வேதியியலே படலத்தை வளைக்கிறது, ஏறத்தாழ ஒரு வோல்ட் போதும். ஒளியாலும் முடியும். 2009இல் ஐந்தோவனில் இங்க்ஜெட் அச்சுப்பொறியால் திரவப் படிகப் பாலிமர் இழைகளை அச்சிட்டார்கள். ஒரே இழையின் இரு பகுதிகளில் இரு சாயம், ஒவ்வொன்றும் தனி நிற ஒளிக்கு வளையும். நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டினால் போகும் பாதையும் வரும் பாதையும் வேறாகின்றன. மூன்றாவது எண்ணைப் புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை என்று பார்த்ததும் தெரியும்.

10. அளப்பது. இழையின் வீடியோ சான்றாகாது. நீரில் ஒரு மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளைத் தூவி அவற்றைப் பின்தொடருங்கள். இழைக்கு அருகில் ஒரே ஒரு மணியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னே போகும், வளையம் போட்டுப் பின்னே வரும், புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்தக் 'கொஞ்சம்'தான் உங்கள் பம்ப். மற்றதெல்லாம் ஆட்டம். காமிராவைக் காந்தத்தின் சுற்றோடு இணைத்துச் சுற்றுக்கு ஒரு படம், அதே கட்டத்தில் எடுத்தால் ஆட்டம் மறைந்துபோய் நிகர நகர்வு மட்டும் கோடாகத் தெரியும்.

காமிரா வேகத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வினாடிக்கு முப்பது படம் எடுக்கும் காமிராவில், வினாடிக்கு முப்பது அடிக்கும் இழை அசையாமல் நிற்பதுபோல் தெரியும். இருபத்தொன்பது அடித்தால் பின்னோக்கி மெல்ல ஆடுவதுபோல் தெரியும். ஆட்டத்தின் திசையைத் தலைகீழாகச் சொல்லிவிட இது ஒன்று போதும்.

பிறகு, ஓட்டம் தெரிந்ததும் துள்ளாதீர்கள். காந்தத்தை நிறுத்திப் பாருங்கள், ஓட்டம் நிற்கிறதா? நீர் சிறு கசிவிலும் ஓடும், ஆவியாவதாலும் ஓடும், கால்வாயின் இரு முனையிலும் உள்ள துளிகள் அளவில் வேறாக இருந்தாலே சிறியதிலிருந்து பெரியதுக்கு ஓடும். இழை இல்லாத வெறும் தளத்தை வைத்து அதே மோட்டாரை ஓட்டுங்கள். மோட்டாரின் சூடே நீரைக் கிளப்பிவிடும். கடைசியில் சுற்றும் திசையைத் திருப்புங்கள். கூம்பு இயக்கம் என்றால் ஓட்டமும் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நீரைத் தள்ளுவது உங்கள் இழை இல்லை.

11. பம்பா, கலப்பா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். குற்றிழைப் பம்புக்கு அழுத்தம் மிகக் குறைவு. வளையமாக மூடிய கால்வாயில் நன்றாகச் சுற்றும், எதிர்ப்பு வந்தால் நீர் மேலடுக்கில் திரும்பி ஓடிவிடும். கலப்பதற்கோ தேவை மிகப் பெரியது. ஒரு புரதம் நூறு மைக்ரானைத் தானாகப் பரவிக் கடக்க ஒரு நிமிடம் அளவுக்கு ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. ஒரு சொட்டு ரத்தத்தில் சோதனை செய்யும் சிப்பில் நோயாளி அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது.

12. அலையை முதல் ஆண்டில் தொடாதீர்கள். பக்கத்து இழைகள் சிறு தாமதத்தோடு அடித்து அலை போவது அழகு, பெரும்பாலும் ஓட்டத்தையும் கூட்டும். ஒரு இழையின் அடியே சரியில்லாதபோது அலை எதையும் காப்பாற்றாது.

13. கோட்பாட்டுக் கட்டுரைகளைப் பார்த்து மிரள வேண்டாம். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தினரும் சென்னை ஐஐடியினரும் சேர்ந்து 2012, 2013இல் எழுதியவற்றைப் படியுங்கள். தாமே வேதிவினையால் நீரைத் தள்ளும் மணிகளைக் கோத்து ஒரு முனையைப் பிடித்துவைத்தால், வெளியிலிருந்து யாரும் ஆட்டாமலே அந்த இழை அடிக்கத் தொடங்கும் என்று கணக்கில் காட்டினார்கள். மணிகள் தங்களுக்கிடையே கிளப்பும் நீரோட்டமே அதற்குப் போதும். காந்தமும் கம்பியும் வேண்டாத இழையைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அது.

14. நீரிலேயே நின்றுவிடாதீர்கள். பர்செல் சொன்ன சிப்பி விதி நீர் போன்ற எளிய திரவங்களுக்கு உரியது. சளி அப்படிப்பட்டதல்ல. இழுத்தால் ரப்பர் போல மீளும், வேகமாகக் கிளறினால் இளகும். நீரில் பூஜ்யமாக இருந்த அடி சளியில் நகர்த்தலாம், நீரில் நன்றாக நகர்த்திய அடி சளியில் சுழன்று கிடக்கலாம். மூச்சுக்குழாயின் இழைகள்கூடச் சளிக்குள் முழுக்க நிற்பதில்லை. ஏழு மைக்ரான் ஆழமுள்ள நீர்த்த படலத்தில் நின்று, நுனியால் மட்டும் சளியைத் தொட்டுத் தள்ளுகின்றன. ஆகவே நீரில் எல்லாச் சோதனையும் முடிந்ததும் அதே தளம், அதே காந்தம், அதே வேகத்தில் மெத்தில் செல்லுலோஸ் கரைசலையும் சாந்தன் கரைசலையும் ஊற்றி ஓட்டுங்கள். மூன்று திரவத்தின் அளவுகளையும் நோட்டில் ஒரே பக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதி, திங்கள்கிழமை என்னிடம் கொண்டுவாருங்கள்.